ரயில் நீளத்துக்கு ஒரு பெயர்

பிப்ரவரி 3

என் அக்கா பெற்ற பட்டாணிக்கு,

ஐஸ் கிடங்கின் தனிப்பெரும் சக்கரவர்த்தியும் உன் சின்ன மாமாவுமாகிய நான் எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம். நான் அவளைவிடச் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன்.

யாரும் நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் பொய் சொன்னால் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. காகிதம்தான் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்கிறது.

கதைக்கு முன்னால் செய்தி. உன் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "ஏன்டா, உன் சட்டையில இத்தனை ஓட்டையா? இதோடயா இத்தனை நாளும் என் பக்கத்துல நின்னே?" என்றாள். கண் ஆறியதும் கண்ணாடி போட வேண்டும். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறவ என் வயித்துல பொறந்திருக்கா. அவ கையால மாட்டினாத்தான் போடுவேன்" என்று உட்கார்ந்திருக்கிறாள். நீ வந்து நாலு வருஷம் ஆகிறது.

இப்போது கதை. போன வாரம் கிடங்கில் மின்சாரம் போயிற்று. பெட்டி பெட்டியாக மீன். வெயிலோ, மீனைப் பார்த்துப் பல்லை இளிக்கிற வெயில். உள்ளே படுத்திருந்த நாற்றம் சோம்பல் முறித்து எழுந்தது. வாசலில் நுழையவில்லை, அவ்வளவு உடம்பு. கூரையைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போயிற்று. காக்கைகள் நடுவானில் மயங்கின. மணிக்கூண்டுக் கடிகாரம் இரண்டு முள்ளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது. அதனால் ஊரில் சாயங்காலம் வரைக்கும் மணி பன்னிரண்டு. போலீஸ்காரர் கைது செய்ய வந்தார். "பேர் என்ன?" என்றார். பேர் இல்லை. பேர் இல்லாததை எப்படிக் கைது செய்வது? சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் முதலாளி ஒரு கருவி வாங்கியிருக்கிறார். அதன் கதை பிறகு.

அன்புக்குப் பஞ்சமில்லாத,
சின்ன மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். என் கையெழுத்தே சாட்சி. உங்கள் இருமலும் அம்மாவின் கண்ணும் எப்படி இருக்கின்றன?

கடிகாரத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நிஜமாகவே தனியாகத்தான். கடையில் எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். முன்னால் வாடிக்கையாளருக்குக் கண் சோதிக்கிற அறையில் இருந்தேன் அல்லவா? இப்போது பின்கட்டில், மூக்குக்கண்ணாடிச் சில்லைத் தேய்த்து வடிவாக்குகிற அறை. சுவரில் பெரிய மின்சாரக் காற்றாடி ஒன்று காற்றை வெளியே தள்ளுகிறது. முதலாளி ரொம்ப நல்லவர், எனக்கென்றே வாங்கி மாட்டினார்.

புது வேலை என்பதால் லீவு கேட்பது கஷ்டம். அம்மாவின் முகம் எனக்கு மனப்பாடம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அனுப்புங்கள், கண்ணாடி செய்து தபாலில் அனுப்புகிறேன். யார் மாட்டினாலும் காதில்தான் நிற்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது.

உங்கள்
பட்டாணி


பிப்ரவரி 22

காற்றாடி வைத்த தனி மாளிகையில் வீற்றிருக்கும் மருமகளுக்கு,

உன் மாமா நலம். மாளிகை நலமா?

குளிர் என்று எழுதியதும் உன் அம்மா போர்வையைத் தோய்த்துக் காயவைத்து மடித்துவிட்டாள். இத்துடன் பார்சலில் வருகிறது. டாக்டர் சீட்டும் உள்ளே இருக்கிறது. "கண்ணு பார்க்கத்தானேடா படிச்சா? அவளை ஏன் சில்லு தேய்க்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். பதவி உயர்வு என்றேன். "பதவி உசந்தவ குரல் ஏன் போன்ல இறங்கியிருக்கு?" என்றாள். கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

கருவி வந்துவிட்டது. நீளக் குழாயும் வட்ட முகமும் ஊசி முள்ளுமாக இருக்கிறது. நான் மூக்கன் என்று பேர் வைத்திருக்கிறேன். மீனுக்கு நேரே நீட்டினால் ஊசி ஓடும். கொஞ்சம் ஓடினால் நல்ல மீன், நிறைய ஓடினால் குப்பை. அதை இயக்க ஒரு லேப் மேடம் வந்திருக்கிறார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. என் பொய்களைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஜீவன்.

"மேடம், இந்த நாத்தத்தைப் பிடிக்க வந்த போலீஸ்காரர் பேர் தெரியாம திரும்பிட்டார்" என்றேன். "பேர் இருக்கே" என்றார். "ட்ரைமெத்திலமைன்."

பட்டாணி, அது பேரா? கடைசிப் பெட்டி கண்ணுக்குத் தெரிவதற்குள் முதல் பெட்டி அடுத்த ஸ்டேஷன் போய்விடுகிற ரயில். உயிருள்ள மீனில் மணமில்லாத ஏதோ ஒன்று இருக்குமாம். செத்த பிறகு கிருமிகள் அதை இதுவாக மாற்றுமாம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இப்படி ஒரு பேர் இருப்பது எனக்கே தெரியாமல் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த ஆடு ஒதுங்கிப் போயிற்று.

பெயர் சூட்டு விழாவில் களைத்த,
சின்ன மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமா,

பதில் தாமதம். மன்னிக்கவும். நான் சுகம். நீங்கள் இருவரும் சுகம்தானே.

அம்மாவின் கண்ணாடியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இலேசான சட்டம், மூக்கில் அழுத்தாது. மாட்டும்போது இரண்டு கையாலும் பிடித்து மாட்டச் சொல்லுங்கள்.

போர்வையைத் திருப்பி அனுப்புகிறேன். இங்கே அவ்வளவு குளிர் இல்லை.

தப்பாக நினைக்கக் கூடாது. இனிமேல் எனக்கு எழுதும்போது கிடங்கில் உட்கார்ந்து எழுதாதீர்கள். எங்கேயாவது காற்றோட்டமாக இருந்து எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மீனை விட்டு ரொம்ப நாளாயிற்று. தினமும் கொஞ்சம் சோறும் இரண்டு அவித்த முட்டையும். கடையின் பின்பக்க மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நல்ல காற்று.

பட்டாணி


ஏப்ரல் 10

மாடிப்படி மகாராணிக்கு,

இக்கடிதம் கடலுக்கு எதிரே, நாலு திசைக் காற்றிலும் உட்கார்ந்து எழுதப்படுகிறது. ஒரு தாள் பறந்து கப்பலில் போய்விட்டது. வேறு தேசத்தில் யாராவது படித்து என்னை ராஜாவாக்க ஆள் அனுப்பினால் நீ பொறுப்பு.

போர்வை வந்தது. "எலும்பைத் தொடும் குளிர்" ஒன்றரை மாதத்தில் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. நீதான் கேட்காதே என்றாயே. போர்வையை நான் முகர்ந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் முகர்ந்தார், அவர் வீட்டு நாய் முகர்ந்தது. சோப்பு வாசனை தவிர வேறெதுவும் இல்லை என்று மூவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். நாய் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது.

உன் அம்மா போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவில்லை. கண்ணாடியை நான் மாட்டிவிட்டேன். பூட்டுப் போடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். கழற்றிப் பெட்டியில் வைத்து, "அவ வரட்டும்" என்றாள். மங்கலாகத்தான் தெரிகிறது. நேற்று உப்பு என்று சலவைப் பொடியைப் போட இருந்தாள்.

பிறகு அவளாகவே ஒன்று சொன்னாள். "போன தடவை போகும்போது பழைய துணி ஒண்ணு விடாம இங்கேயே வெச்சுட்டுப் போயிட்டாடா. நான்கூட மறந்துட்டான்னு நினைச்சேன்."

பட்டாணி, என்ன விஷயம்? உன் மாமா கேலிக்காரன்தான். ஆனால் காது கேட்கும்.

சின்ன மாமா


ஜூன் 12

மாமா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

என் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது. எனக்குத் தெரிவதில்லை, மற்றவர்களுக்குத் தெரிகிறது. கண் சோதிக்கிற அறை எவ்வளவு சின்னது தெரியுமா? கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, முகத்துக்கு முகம் நெருங்கித்தான் பார்க்க வேண்டும். ஒரு அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் மார்க்கெட்ல இருந்து நேரா வர்றியாம்மா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகுதான் பின்கட்டு. காற்றாடி எனக்காக வாங்கியது என்று எழுதினேனே, அது உண்மைதான்.

நம் வீட்டில் பிறந்து வளர்ந்ததால் ஊறிப்போயிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா மீன் தரம் பிரிக்கிற கொட்டகையில், நீங்கள் கிடங்கில், அப்பா இருந்தவரை படகில். அதனால்தான் துணிகளை விட்டுவிட்டு வந்தேன். பெட்டி, செருப்பு, சீப்பு எல்லாம் புதிதாக வாங்கினேன். வீட்டுக்கு வராமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று நம்பினேன். வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கடிதங்களைக்கூடச் சன்னலுக்கு வெளியே கொடியில் மாட்டிவைத்துத்தான் படித்தேன்.

நாலு வருஷமாகியும் போகவில்லை. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. கடையில் எல்லோரும் நல்லவர்கள், அதனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. சன்னலைத் திறந்துவிட்டுப் போகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தருகே போய் எப்படிக் கண்ணாடி மாட்டுவேன்? அவளும் சன்னலைத் திறந்தால்?

பட்டாணி


ஜூலை 20

என் கண்ணே,

பதிலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் சும்மா இருக்கவில்லை. கதையின் மீதியைத் தேடிப் போயிருந்தேன். பொய் இல்லாத கடிதம் நான் எழுதியதில்லை. இதுவும் அந்த வழக்கப்படிதான். ஆனால் நிதானமாகப் படி.

எங்கள் துறைமுகத்தில் ஒரு மீசைக்காரர் இருந்தார். மீசையில் இரண்டு பேர் ஊஞ்சலாடலாம். ஒருநாள் மூக்கனுக்குப் பைத்தியம் பிடித்தது. துள்ளுகிற மீனைக் காட்டினாலும் ஊசி ஓடுகிறது. லேப் மேடம் ஒரு படகு மீனையே வேண்டாம் என்றார். "உயிரோட இருக்கிற மீனைக் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களே, உங்க மிஷினைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று படகுக்காரர் சண்டைக்கு வந்தார். அப்போதுதான் மேடம் கவனித்தார். மீசைக்காரர் பெட்டியைத் தூக்கி வந்து பக்கத்தில் நின்றால் ஊசி ஓடுகிறது. அவர் போனால் படுத்துவிடுகிறது. அவரைக் கரையின் கடைசிக்கு நடக்கச் சொன்னார்கள். அங்கிருந்து அவர் தும்மினார். ஊசி கண்ணாடியைக் குத்திக்கொண்டு வெளியே வந்து எதிர்ச் சுவரில் நின்றது. அவர் கடலில் இறங்கிக் குளித்தார். கடல், "ஐயா, எனக்குக் குடும்பம் இருக்கு" என்று பின்வாங்கியது.

லேப் மேடம் சிரிக்கவில்லை என்று சொன்னேனே, இதற்கும் சிரிக்கவில்லை. மீசைக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார். "முட்டை, மீன், சில பயறு, எது சாப்பிட்டாலும் நம்ம எல்லார் வயித்திலயும் இந்த ட்ரைமெத்திலமைன் உண்டாகும். கல்லீரல் அதோட நாத்தத்தைப் பிடுங்கிட்டு அனுப்பிடும். சில பேர் கல்லீரலுக்குப் பிறவியிலேயே அந்த வேலை வராது. அப்ப வேர்வையிலயும் மூச்சிலயும் அப்படியே வெளிய வரும். அழுக்கு இல்லை. தொத்து இல்லை. சோப்பால போகாது. இது குடும்பத்துல வழிவழியா வரும்."

பட்டாணி, வீட்டிலிருந்து உன் மேல் ஒட்டியது எதுவும் இல்லை. போர்வை நிரபராதி, என் கடிதங்களும் நிரபராதி. நாங்கள் கண்டுபிடிக்காததற்குக் காரணமும் அதுதான். உப்பளத்தில் பிறந்தவனுக்குக் குழம்பில் உப்புக் கூடினால் தெரியுமா? நாங்கள் மூன்று பேரும் மீனாகவே வீடு திரும்புவோம். அதில் உன் பங்கை யார் பிரித்துப் பார்ப்பார்கள்? நாலு வருஷம் வீட்டை விட்டு ஓடினாய். அது உன்னோடேயே டிக்கெட் வாங்கி வந்திருக்கிறது.

மீனை விட்டேன் என்றாய். முட்டையை விட்டாயா?

மேலே உள்ள ரயிலை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போ. சோதனைக்கு ஒரு குப்பியில் சிறுநீர் கொடுத்தால் போதுமாம். போய்விட்டு எழுது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கேட்கிறாள், நான் காக்கை, கடிகாரம் என்று சமாளிக்கிறேன்.

சின்ன மாமா


ஆகஸ்ட் 28

அன்புள்ள மாமா,

போனேன். டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யோசிச்சுக் கேட்டுட்டு வந்திருக்கீங்க, நல்லது" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நேற்று முடிவு வந்தது. அதேதான்.

குணப்படுத்த மருந்து இல்லையாம். முட்டை கூடாது, மீன் கூடாது, இன்னும் சில கூடாது. கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ள, இளஞ்சிவப்பான ஒரு சோப்பு எழுதிக் கொடுத்தார்கள். குறையும், முழுக்கப் போகாது. அழுவேன் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலு வருஷம் எனக்குள் இருந்தது "சீ" என்ற ஒரு சொல்தான். இப்போது அதற்குப் பதிலாக ஒரு ரயில் ஓடுகிறது.

முதலாளியிடம் நானே சொன்னேன். அந்தப் பேரை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு காற்றாடியை வாங்கி மாட்டினேன்மா. கேட்டிருக்கணும்" என்றார். மறுநாள் கணக்குப் பார்க்கிற அக்கா சாப்பாட்டோடு மாடிப்படிக்கு வந்தார். "ஏன் இங்க வந்து உக்காந்துக்கறே? கொசு பிடுங்குது. உள்ள வா" என்றார். போனேன்.

அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வருகிறேன். அம்மாவிடம் நானே எல்லாம் சொல்கிறேன்.

அந்த மீசைக்காரரை நான் பார்க்க வேண்டும் மாமா. அவர் யார்? அவருக்கு வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

பட்டாணி


செப்டம்பர் 4

வருக வருக என்று எழுதப்படுவது,

பதினைந்தாம் தேதி ஸ்டேஷனில் யானை நிறுத்த ஏற்பாடு செய்தேன், யானைக்கு அன்று வேறு வேலையாம். நானே வருவேன்.

உன் அம்மாவிடம் தேதி சொன்னேன். சொன்ன நிமிஷமே போர்வையை மறுபடி தோய்த்துவிட்டாள். அடுத்த பிரச்சினை சமையல். டாக்டர் சொன்ன பத்தியம் என்று மட்டும்தான் சொன்னேன், மீதி உன் பொறுப்பு. "மீனும் கூடாது முட்டையும் கூடாதுன்னா பிள்ளைக்கு நான் எதைப் போடுவேன்? இந்த வீட்டு அடுப்புக்கு வேற எதுவும் தெரியாதே" என்று தவிக்கிறாள். பூசணிக்காயை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரியைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உனக்குத் துணையாக நானும் மீனைத் துறந்துவிட்டேன். மீன் இனம் மூன்று நாள் விடுமுறை அறிவித்துக் கொண்டாடியதாகக் கேள்வி.

மீசைக்காரர் கப்பலேறிப் போய்விட்டார். முகவரி கொடுக்கவில்லை.

சின்ன மாமா


அக்டோபர் 3

அன்புள்ள மாமா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்பு சுகம், மனசு அதைவிடச் சுகம். போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். உண்மையில் இங்கே எப்போதும் குளிர்தான்.

நான் அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிய அன்று நீங்கள் கிடங்குக்குப் போயிருந்ததால் நேரில் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அம்மாவுக்கு முன்னால் கண்ணாடியோடு நின்றேன்.  நான் எட்டி நின்றே மாட்டப் பார்த்தேன். அம்மா என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து நெற்றியோடு நெற்றியை வைத்துக்கொண்டாள். "கிட்ட வந்து மாட்டுடி. நான் என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கேன்?" என்றாள். மாட்டினேன். சன்னல் சாத்தித்தான் இருந்தது. அவள் திறக்கவில்லை.

முதலாளி மறுபடி கண் சோதிக்கிற அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். காற்றாடியையும் அங்கே மாற்றுகிறார். இந்த முறை கேட்டுவிட்டு.

ஒன்று சொல்ல வேண்டும். குளிக்க உங்கள் மாடி அறைக்குப் போனேன். அங்கே அதே இளஞ்சிவப்பு சோப்பு இருந்தது. எனக்காக வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது விரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது மாமா. பக்கத்தில் அதே சோப்பின் பழைய உறைகள். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே வாங்கியவையாக இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் நீங்கள் வாசற்படியில்தான் உட்கார்ந்தீர்கள். "காற்று வருது" என்றீர்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. காது எனக்கும் கேட்கும்.

உங்கள்
பட்டாணி


அக்டோபர் 11

சோப்பைக்கூட விட்டுவைக்காத துப்பறியும் மருமகளுக்கு,

மாமா நலம். உன் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் சட்டை ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

வாலிபத்தில் நான் தையற்கடையில் வேலை பார்த்தேன், தெரியுமா? அளவெடுக்கிற வேலை. கழுத்து, மார்பு, இடுப்பு என்று நாடாவைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கட்டிப்பிடிக்கிற தொழில். ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வயிற்றை உள்ளே இழுக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு வருஷம் எல்லோருக்கும் இறுக்கமாகவே தைத்தோம். பிறகு முதலாளி என்னைப் பின்கட்டில் பொத்தான் தைக்க வைத்தார். அவரும் நல்லவர்தான். அங்கிருந்து நானாகவே கிடங்கைத் தேடி வந்தேன். இங்கே யாரும் மூச்சைப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் காரணம் மீன். பெண் பார்க்கப் போகிற இடத்திலும், "கிடங்கு வேலை, அதான்" என்று சொல்லிக்கொள்ளலாம். நாலைந்து இடத்தில் சொன்னேன். அப்புறம் போவதையே விட்டுவிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. வேலையால் வந்த நாற்றம் என்றே இருந்துவிட்டேன். நாற்றத்தால் வந்த வேலை என்பது மறந்தே போயிற்று. உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்த அன்றுதான் தையற்கடை ஞாபகம் வந்தது. மறுநாள் நானாகப் போய் லேப் மேடத்தின் எதிரே நின்றேன்.

நேற்று மதியம் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தள்ளி உக்காருங்க மேடம், காத்து அந்தப் பக்கம்" என்றேன். "பூசணிக்காயா? கொஞ்சம் போடுங்க" என்றார். போட்டேன்.

முதல் கடிதத்தில் செய்த சத்தியத்தை இனி முடித்துவைக்கலாம். நாற்றம் கூரையைத் தூக்கவில்லை. காக்கைகள் சௌக்கியமாகப் பறக்கின்றன. கடிகாரம் ஆறு வருஷமாகவே பன்னிரண்டில்தான் நிற்கிறது. படகுக்காரர் யாரும் சண்டைக்கு வரவில்லை. கடல் பின்வாங்கியது அலைக்காக. மீசை எனக்கு முளைக்கவே இல்லை.

ஊசி ஓடியது. அது மட்டும் உண்மை.

சின்ன மாமா